599 பவுணுக்கு 33 குதிரை

கொம்பனியே போட்டுத் தருகிற டர்போ அப்கிரேட், அதாவது காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிற டர்போ உள்ள வாகனத்தின் வலுவைக் கூட்டுகிற வேலை, காசுக்குப் பெறுமதியா என்று கேட்டால் என் பதில் இதுதான்: அது விற்கப்படுகிற நாட்டில், வாரண்டி ஓடிக்கொண்டிருக்கிற வாகனம் வைத்திருப்பவனுக்கு ஓம். மட்டக்களப்பில் இருக்கிற நமக்கு அநேகமாக இல்லை. இதைச் சொன்ன பாவத்துக்கு என் வீட்டுக்குள்ளேயே இரண்டு பேர் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வாயால் சொன்னால் பாதியில் மறித்துவிடுகிறார்கள். அதனால் ஆறுதலாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலாமவர் லண்டன் மச்சான். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம் ஆட வந்தவர், தீர்த்தம் முடிந்தும் தன் காரைப் பற்றிய கதையை முடிக்கவில்லை. அவரிடம் இருப்பது ஃபோர்ட் ஃபியெஸ்டா எஸ்டி, 1.6 லீற்றர் டர்போ. அதற்கு மவுன்டியூன் என்கிற, அப்போது ஃபோர்டோடு சேர்ந்து வேலை செய்த நிறுவனத்தின் கிட் ஒன்றை ஃபோர்ட் டீலரிடமே கொடுத்துப் போட்டிருக்கிறார். இரண்டாமவர் அக்காவின் மகன். அவனிடம் ஹொண்டா சிவிக், 1.0 லீற்றர் டர்போ. மச்சானின் கதையைக் கேட்டுக் கேட்டுச் சூடாகி, ஒருநாள் கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு வந்து நின்றான். "மாமா, கொம்பனியே குடுக்கிறானாம், வாரண்டியும் போகாதாம், நம்மட காருக்கும் அப்பிடி ஒண்டு எடுக்க ஏலாதா?"

கடை என்பது திருமலை வீதியில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை. நான் மெக்கானிக் இல்லை. ஆனால் எந்த வாகனத்துக்கு எந்தச் சாமான் எத்தனை மாதத்துக்கொரு தரம் தேடி வருகிறார்கள் என்பது கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவனுக்குத்தான் தெரியும். எஞ்சின் செய்தவனின் நோட்டீசை விட அது சில நேரம் நேர்மையான தகவல்.

மச்சானின் கணக்கிலிருந்தே தொடங்குவோம். அந்த ஃபியெஸ்டா கடதாசியில் 182 குதிரைவலு, 240 நியூட்டன் மீற்றர் இழுவை. கிட் போட்டால் 215 குதிரை, 320 நியூட்டன் மீற்றர். விலை அறிமுகமானபோது 599 பவுண், பொருத்துகிற கூலி வேறு. 33 குதிரைக்கு 599 என்றால் ஒரு குதிரை 18 பவுண் சொச்சம். மலிவுதான், நானே தலையாட்டினேன்.

ஆனால் அதே ஃபியெஸ்டா கொம்பனியிலிருந்து வரும்போதே ஒரு சங்கதியோடு வருகிறது. அக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் சில விநாடிகளுக்கு, அதிகம் போனால் 20 விநாடி வரை, டர்போ அழுத்தத்தைக் கூட்டி 200 குதிரையும் 290 நியூட்டன் மீற்றரும் கொடுக்கும். ஓவர்பூஸ்ட் என்பார்கள். அந்தக் காரில் நீங்கள் யாரையாவது முந்தும்போதெல்லாம் உண்மையில் இருந்தது 182 இல்லை, 200. சாதாரண வீதியில் 20 விநாடி முழுக்க மிதித்துக்கொண்டே போக யாரால் முடியும்? அதற்குள் முன்னால் ஒரு பஸ்ஸோ ஒரு சந்தியோ வந்துவிடும். அப்படிப் பார்த்தால் மச்சான் வாங்கியது 15 குதிரை, ஒன்று 40 பவுண். இதை நான் கல்குலேட்டரில் அடித்துக் காட்டிய அன்றிலிருந்துதான் அவர் பேசுவதில்லை.

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. நூறு கிலோமீற்றர் வேகத்தை எட்டுகிற நேரம் அரை விநாடி அளவுக்குக் குறைந்திருக்கிறது. நடு வேகத்தில் இழுவை கூடியிருக்கிறது. அவர் அந்தக் காரை விரும்பி ஓட்டுகிறார், அந்த விருப்பத்துக்கு விலை போட நான் யார்? என் கேள்வி வேறு. இந்த 599க்குள் எதற்கு எவ்வளவு போகிறது?

ஒரு டர்போ எஞ்சினைக் கொம்பனி தயாரிக்கும்போது அதை யார் வாங்குவான், எங்கே ஓட்டுவான் என்று அவர்களுக்குத் தெரியாது. பாலைவன வெயிலிலும் போகும், பனிக்குள்ளும் போகும். ஒருவன் நேரத்துக்கு ஒயில் மாற்றுவான், இன்னொருவன் விளக்கு எரிந்தால்கூட அதற்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு ஓட்டுவான். இத்தனை பேரையும் தாங்குகிற மாதிரி எஞ்சினுக்குள் ஒரு மிச்சம் வைத்துத்தான் வெளியே விடுகிறார்கள். டர்போ இல்லாத எஞ்சினில் அந்த மிச்சத்தை எடுப்பது கஷ்டம், கேம், ஹெட், எக்ஸோஸ்ட் என்று கழற்ற வேண்டும். டர்போ எஞ்சினில் காற்றை எவ்வளவு அமுக்கி உள்ளே விடுவது என்று முடிவு செய்வது கணினி. கணினியில் நாலு அட்டவணையை மாற்றினால் அழுத்தம் கூடும், அதற்கேற்ற எரிபொருள் கூடும், குதிரை கூடும். ஆகவே கொம்பனி நமக்கு விற்பது பெரும்பாலும் ஏற்கெனவே நம் பொனட்டுக்குள் இருக்கிற சாமானைத்தான்.

வொல்வோ இதை ஒளிக்காமலே செய்தது. போல்ஸ்டார் பெயரில் வந்த அவர்களின் அப்கிரேட் பல மாடல்களுக்கு வெறும் சொஃப்ட்வெயார். டி5 டீசலில் 225 குதிரை 240 ஆனது. வாரண்டி அப்படியே, எரிபொருள் செலவுக்கு அத்தாட்சி கொடுத்த அளவும் அப்படியே என்றார்கள். டீலரிடம் போய் லப்டொப்பைச் செருகிவிட்டு வருகிற வேலை.

எனக்குப் பிடித்த உதாரணம் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸ் விற்ற கிட். அவர்களின் 2 லீற்றர் டர்போ எஞ்சின் ஒன்று, 260 குதிரை. பொன்ரியாக் சொல்ஸ்டிஸ், சாட்டர்ன் ஸ்கை, கோபோல்ட் எஸ்எஸ் எல்லாவற்றிலும் அதுதான். 2008 வாக்கில் அதற்கு டர்போ அப்கிரேட் கிட் என்று ஒன்றை விட்டார்கள், விலை 650 டொலர் அளவில். பெட்டியைத் திறந்தால் உள்ளே டர்போ இல்லை! இரண்டு சென்சரும், எஞ்சின் கணினிக்குப் புது அட்டவணை ஏற்றுவதற்கான உரிமையும்தான். கியர் மாற்றி ஓட்டுகிற சொல்ஸ்டிஸில் 260 குதிரை 290 ஆனது. இழுவையோ நூற்றுக்கு முப்பது வீதம் அளவுக்கு ஏறியது. ஒட்டோ கியருக்கு அந்த இழுவையை முழுதாக விடாமல் கொஞ்சம் குறைத்துத்தான் கொடுத்தார்கள். இதற்குப் பிறகும் எஞ்சின், கியர்பொக்ஸ் வாரண்டி தொடர்ந்தது. பொன்ரியாக்கும் சாட்டர்னும் 2010க்குள் பெயரே இல்லாமல் போய்விட்டன என்பது வேறு கதை.

அந்த இரண்டு சென்சர் எதற்கு? பழைய சென்சர் ஒரு அளவு அழுத்தத்துக்கு மேல் வாசிக்காது. அதற்கு மேல் டர்போ எவ்வளவு அமுக்கினாலும் அது ஒரே எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கும். அப்போது கணினி குருடு. கூடுதல் அழுத்தத்தில் ஓட வேண்டுமென்றால் கூடுதல் அழுத்தத்தை வாசிக்கத் தெரிந்த சென்சர் வேண்டும். கொம்பனி முதலில் கண்ணைக் கொடுத்துவிட்டுத்தான் வேகத்தைக் கொடுத்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நம்மூரில் விற்கிற பெட்டிகளைப் பற்றிச் சொல்லும்போது தேவைப்படும்.

பி.எம்.டபிள்யூவும் இப்படித்தான். 335ஐ போன்ற கார்களுக்கு அவர்கள் விற்ற பவர் கிட்டில் சொஃப்ட்வெயாரோடு கூடுதல் ரேடியேட்டரும் பலமான விசிறியும் சேர்ந்தே வந்தன. கூட எரித்தால் கூடச் சூடு வரும், அந்தச் சூடு எங்காவது போக வேண்டும். கணக்குத் தெரிந்தவன் அதையும் சேர்த்து விற்கிறான்.

அப்போ அந்த 599 பவுணிலோ 650 டொலரிலோ பெரிய பங்கு எதற்குப் போகிறது என்றால், ஒரு கையெழுத்துக்கு. "இந்த எஞ்சின் இந்த அழுத்தத்தில் ஓடினாலும் தாங்கும், தாங்காவிட்டால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிற கையெழுத்து. அதைப் போடுவதற்கு முன் அவர்கள் எஞ்சின்களைப் பெஞ்சில் பூட்டி நாட்கணக்கில் ஓட்டிப் பார்த்திருப்பார்கள். அதே அட்டவணையை ஒரு கராஜ்காரன் பாதி விலைக்கு ஏற்றித் தரலாம், சில நேரம் இன்னும் கூடுதல் குதிரையோடும் தரலாம். கையெழுத்து மட்டும் வராது.

இங்கேதான் நம் கதை மாறுகிறது. மருமகனின் சிவிக் ரீகண்டிஷன் கார். வெளிநாட்டில் ஓடி, கப்பலில் வந்து, கொழும்பில் விற்பனையாகி, லீசிங்கில் மட்டக்களப்புக்கு வந்தது. இந்த மாதிரி வாகனங்களுக்குக் கொம்பனி வாரண்டி என்பது பெரும்பாலும் பேச்சே இல்லை. வாகனம் கைமாறும்போது கார் விற்பவர் கொடுக்கிற வாய் உத்தரவாதம் கொழும்பு ஆமர் வீதியைத் தாண்டாது. வாரண்டி இல்லாதவனுக்கு வாரண்டியைக் காப்பாற்றும் அப்கிரேட்டால் என்ன லாபம்? போதாததற்கு, அவன் காருக்குப் பொருந்துகிற கொம்பனி கிட் எதுவும் இங்கே யாரும் விற்பதுமில்லை. மச்சான் சொன்னது ஃபோர்டின் கதை, அவன் கேட்டது தன் காரின் கதையாக.

இந்த 1 லீற்றர் டர்போக்கள் ஏன் இத்தனை வந்து நிற்கின்றன என்பதும் இங்கே சொல்ல வேண்டியதுதான். நம் நாட்டில் இறக்குமதி வரி எஞ்சினின் கன அளவைப் பார்த்துப் போடப்படுகிறது. ஆயிரம் சீசீக்குள் இருந்தால் வரி கம்மி. எஞ்சின் சின்னது, டர்போ வைத்து 1.8 மாதிரி இழுக்கும், வரி மட்டும் சின்னக் காருக்கு. சிவிக் வந்தது, அவுடி வந்தது. 2020இல் இறக்குமதியை நிறுத்தி 2025இல் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்த பிறகு டொயோட்டா ரைஸ் வந்து குவிகிறது, அதிலும் 1 லீற்றர் டர்போ. ஆக, டர்போ என்ற ஒன்றை நாம் ஆசைப்பட்டு வாங்கவில்லை, வரிக் கணக்குத்தான் நம் வாசலில் கொண்டுவந்து விட்டது. சின்ன எஞ்சினை ஏற்கெனவே நன்றாக அமுக்கி வைத்திருக்கிறார்கள் என்பதை அப்கிரேட் கேட்கிறவர்கள் யோசிப்பதில்லை. 1 லீற்றரிலிருந்து 129 குதிரை. அதில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கும்?

சிவிக்கில் இன்னொரு விஷயம் இருக்கிறது. இதே 1.0 எஞ்சினுக்கு, கையால் கியர் மாற்றும் காரில் ஹொண்டா 200 நியூட்டன் மீற்றர் விடுகிறது. சீவீடி என்கிற, படிப்படியாக மாறாத ஒட்டோ கியர் உள்ள காரில் 180தான். எஞ்சின் ஒன்றே. செய்தவனே இருபதைப் பிடித்து வைத்திருக்கிறான். ஏனென்றால் சீவீடிக்குள் இருப்பது இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஒயில் அழுத்தத்தால் நெரிக்கப்படுகிற இரும்புப் பெல்ட். இழுவை கூடினால் நெரிப்பும் கூட வேண்டும். போதாவிட்டால் பெல்ட் வழுக்கும், ஒரு தரம் வழுக்கினால் கப்பியின் முகத்தில் கீறல் விழும், பிறகு அந்தக் கீறலே அடுத்த வழுக்கலுக்கு வழி. நம்மூரில் ஓடுகிற சிவிக்கெல்லாம் அநேகமாகச் சீவீடி. "ஸ்டேஜ் வன்", அதாவது முதல் கட்ட ட்யூனிங், என்று சொல்லி 40 நியூட்டன் மீற்றரைக் கூட்டிவிட்டு, பிறகு கியர்பொக்ஸ் தேடிக் கொழும்பின் சாமான் சந்தையான பஞ்சிகாவத்தைக்கு அலைகிறவனுக்கு நான் என்ன சொல்ல?

அப்புறம் பெற்றோல். அமுக்கும்போது தானாக வெடிக்காமல் அது எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வதுதான் ஒக்டேன் எண். அமெரிக்கக் காணொலிகளைப் பார்த்துவிட்டு "அங்கே 91 ஒக்டேன் போதும் என்கிறான், நாம் 92 அடிக்கிறோமே" என்று கடையில் வந்து வாதாடுகிறவர்கள் உண்டு. அங்கே பம்பில் எழுதியிருக்கும் எண் வேறு முறையில் கணக்கிட்டது. இரண்டு விதமான சோதனைகளில் வரும் எண்களின் சராசரியை அவர்கள் எழுதுகிறார்கள். நம் பெற்றோல் செட்டில் எழுதியிருப்பது அதில் ஒன்று மட்டும், பெரிய எண். அவர்களின் 91 நம் கணக்கில் 95ஐ ஒட்டி வரும். நம்முடைய 92 அவர்களின் 87, அதாவது அவர்கள் சாதாரணப் பெற்றோல் என்று சொல்வது. ஜெனரல் மோட்டர்ஸ் கிட்டுக்குப் பிரீமியம் பெற்றோல் கட்டாயம் என்றார்கள். அதற்கு இங்கே 95தான் அடிக்க வேண்டும், அந்த 95 எல்லாச் செட்டிலும் எந்நாளும் இருக்கும் என்று சொல்ல முடியுமா? 2022இல் 92க்கே நாட்கணக்கில் வரிசையில் கிடந்தவர்கள் நாம்.

92ஐ அடித்துவிட்டு அழுத்தத்தைக் கூட்டினால் என்ன நடக்கும்? பிளக் பொறி விழுந்த பிறகு, தீ போய்ச் சேருவதற்கு முன்னமே, சிலிண்டரின் ஒரு மூலையில் கலவை தானாக வெடிக்கப் பார்க்கும். அதை நொக்கிங் என்கிறோம். எஞ்சின் பிளொக்கில் ஒட்டியிருக்கிற நொக் சென்சர் அந்தத் தட்டலைக் கேட்டதும் கணினி உடனே பொறியைப் பிந்திப் போடும், சில நேரம் அழுத்தத்தையும் குறைக்கும். அதாவது காசு கொடுத்துக் கூட்டிய குதிரையைக் கணினி திரும்ப எடுத்துவிடும். நல்ல காரில் இது சத்தமில்லாமல் நடக்கும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது. அப்கிரேட் போட்டவன் இழுவை கூடிவிட்டது என்று நம்பிக்கொண்டு திரிவான், பொனட்டுக்குள் பழைய இழுவையைவிடக் குறைவாக ஓடிக்கொண்டிருக்கும்.

வெயிலையும் சேருங்கள். குதிரைவலுவை அளக்கும் சர்வதேச முறைகள் காற்று 25 பாகை என்று வைத்துக் கணக்கிடுகின்றன. ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது படுவான்கரைப் பக்கம் மத்தியானம் 35 பாகை. மூன்று பாகை கூடினால் காற்று ஏறக்குறைய ஒரு வீதம் மெலியும், ஆகவே மூன்று வீதத்துக்கு மேல் காற்று வாசலிலேயே போய்விட்டது. டர்போ அதை ஈடுகட்ட இன்னும் வேகமாகச் சுழலும், சுழலச் சுழல அமுக்கப்பட்ட காற்று இன்னும் கொதிக்கும், கொதித்த காற்று நொக்கிங்கைக் கூப்பிடும். லண்டன் மச்சானின் அட்டவணை லண்டன் குளிருக்குள் ஓடுகிறது. அதை அப்படியே கொண்டுவந்து வவுணதீவில் ஓட்டினால் அதே 215 வரும் என்று நான் நம்பவில்லை.

சரி, வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எங்கே ஓட்டுவது? கல்லடிப் பாலம் தாண்டினால் நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம், செட்டிபாளையம், களுவாஞ்சிக்குடி என்று கல்முனை வரை ஊர் முடிந்து ஊர் தொடங்குகிறது. ஊருக்குள் 50, வெளியே 70 என்பது சட்டம். வீதி தட்டையாக, நேராக இருக்கிறது என்பது உண்மைதான், மாடும் ஓட்டோவும் அதே நேர்வீதியில்தான் நிற்கின்றன. வாழைச்சேனை கழிந்து பொலன்னறுவைப் பக்கம் போனால் ஒரு லொறியை முந்தத் தேவை வரலாம். குதிரைவலு கூடினால், ஏழு விநாடியில் முந்துகிறவன் ஆறு விநாடியில் முந்தலாம். அந்த ஒரு விநாடி சும்மா விஷயமில்லை, எதிரே பஸ் வரும்போது அது உயிர். ஆனால் அந்த ஒரு விநாடியை வைத்துத் துணிந்து முந்துகிறவன் ஆறரை விநாடி இடைவெளியிலும் நுழையப் பார்ப்பான் என்பதையும் நான் கண்டிருக்கிறேன்.

இனி நான் சொன்ன அந்தப் பெட்டிகள், வலுவைக் கூட்டும் என்று விற்கப்படுபவை. ஒன்லைனில் வாங்குகிறார்கள், சென்சர் வயருக்கும் கணினிக்கும் நடுவில் செருகுகிறார்கள், இரண்டே நிமிட வேலை. அது செய்வது இவ்வளவுதான்: டர்போ அழுத்தம் உண்மையில் இருப்பதைவிடக் குறைவு என்று கணினிக்குப் பொய் சொல்வது. டீசலில் எண்ணெய்க் குழாயின் அழுத்தத்தைப் பற்றியும் இதே பொய். கணினி பாவம், குறைவாக இருக்கிறதே என்று கூட்டிக் கொடுக்கும். ஜெனரல் மோட்டர்ஸ் கூட்டிய அழுத்தத்தைக் கணினி காண்பதற்காகச் சென்சரை மாற்றியது, இவர்கள் கூட்டிய அழுத்தத்தைக் கணினி காணாமல் இருப்பதற்காகச் சென்சரை ஏமாற்றுகிறார்கள். இழுவை இரண்டிலும் வரும். ஏதாவது பிழைத்தால் எது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் என்பதுதான் வித்தியாசம். டீசல்காரர்களுக்கு இன்னொரு தலையிடி, எண்ணெய் கூடி எரியாமல் கறுத்த புகை வந்தால் வருசா வருசம் எமிஷன் டெஸ்டில் நிற்க வேண்டும்.

இந்தக் கதைக்கெல்லாம் நடுவில் நான் அக்கரைப்பற்றில் ஒரு கராஜில் பார்த்ததைச் சொல்லாமல் விட முடியாது. சாமான் கொடுக்கப் போயிருந்தேன். திருக்கோவில் பக்கம் வயல் செய்கிற ஒருவர் தன் ஹைலக்ஸ் டபுள் கெப்பைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார், 3 லீற்றர் டீசல். "வண்டி முன்ன மாதிரி இழுக்குதில்ல பாஸ். கொழும்பில ரீமெப் அடிச்சா பிச்சுக்கிட்டுப் போகுமாம், போய் அடிச்சிட்டு வரவா?" ரீமெப் என்றால் எஞ்சின் கணினியின் அட்டவணையை மாற்றுவது. மெக்கானிக் பாஸ் பதில் சொல்லாமல் பொனட்டைத் தூக்கினார். அந்த ஹைலக்ஸில், டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலர் எஞ்சினுக்கு மேலேயே படுத்திருக்கும், பொனட்டில் உள்ள வாயால் காற்று அதன் மேல் விழும். அந்த வாயால் காற்று மட்டுமா போயிருக்கிறது? தகடுகளுக்கு இடையில் பதரும் உமித்தூசியும் அடைந்து, மேலே எண்ணெய்ப் பசை பிடித்து, ஒரு பக்கம் முழுக்கச் சப்பட்டையாகக் கிடந்தது. அறுவடைக் காலம் முழுக்கக் களத்துமேட்டில் நின்ற வண்டி.

அதைக் கழுவியதும் முடிந்துவிடும் என்று நினைத்தேன். பாஸ் விடவில்லை. காற்று உள்ளே போகும் குழாயின் வாயை ஒரு தகட்டால் அடைத்து, அதில் ரயர் வால்வு ஒன்றைப் பூட்டி, கொம்பிரசரிலிருந்து கொஞ்சமாகக் காற்று விட்டார். பிறகு போத்தலில் சவர்க்காரத் தண்ணியைக் கலக்கி ஒவ்வொரு மூட்டிலும் தெளித்துக்கொண்டு வந்தார். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகிற றப்பர் ஹோஸின் அடிப்பக்கம், கிளிப்புக்கு ஒட்டி, நுரை பொங்கியது. கையால் தடவினால் ஒன்றும் தெரியாது. காற்று விட்டால் மட்டும் உதடு மாதிரித் திறக்கிற ஒரு வெடிப்பு, விரல் நகத்தின் நீளம் இருக்கும். நின்ற இடத்தில் எஞ்சின் சாதாரணமாகத்தான் ஓடும். பாரம் ஏற்றி மிதிக்கும்போதுதான் அமுக்கிய காற்றெல்லாம் அந்த வாயால் போய்விடும். வயல்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான்.

ஹோஸும் கிளிப்பும் என்னிடமே இருந்தன. அவர் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தபோது ரீமெப் கதை எடுக்கவில்லை. வெடித்த ஹோஸோடு கொழும்புக்குப் போய், கசிகிற எஞ்சினுக்கு இன்னும் அழுத்தம் கூட்டியிருந்தால் டர்போ அந்தக் கசிவையும் சேர்த்து ஈடுகட்டத் தன் அளவுக்கு மேல் சுழன்றிருக்கும். பிறகு டர்போ எடுக்க என்னிடம் வந்திருப்பார். வியாபாரம் எனக்குத்தான், ஆனாலும்.

அப்கிரேட் கேட்டு வருகிறவர்களில் நிறையப் பேருக்குக் கொம்பனி ஏற்கெனவே கொடுத்த குதிரையே முழுதாக வருவதில்லை என்பது என் எண்ணம். எயார் ஃபில்டர் கறுத்திருக்கும், பிளக் காலம் கடந்திருக்கும், கடற்கரையோரம் நிற்கிற காரில் உப்புக் காற்றில் இன்டர்கூலர் தகடு பொருக்குத் தட்டியிருக்கும். முதலில் அதைத் திரும்ப எடுங்கள். அது 33 குதிரையாக இருக்காது, ஆனால் அதற்கு யாருடைய கையெழுத்தும் வேண்டாம்.

ஒயிலைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்தச் சின்ன டர்போக்களில் அதுதான் விஷயமே. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெற்றோல் பீச்சுகிற சிறிய டர்போ எஞ்சின்களில், குறைந்த சுற்றில் பாரமாக மிதிக்கும்போது பொறி விழுவதற்கு வெகு முன்னமே கலவை பற்றிக்கொள்கிற ஒரு வியாதி உண்டு. பிஸ்டனையே உடைத்துவிடும். சிலிண்டர் சுவரிலிருந்து தெறிக்கிற ஒயில் துளியும் அதற்கு ஒரு காரணம் என்று கண்டுபிடித்த பிறகு, ஒயிலின் தரத்தையே மாற்றினார்கள். 2018இல் எஸ்என் பிளஸ், 2020இல் எஸ்பி. கேனின் பின்பக்கம் எஸ்பி என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்கிறேன். "நல்ல ஒயில் ஒண்டு தாங்க" என்றுதான் இன்னும் கேட்கிறார்கள். அழுத்தம் கூட்டிய எஞ்சினில் இந்த வியாதி வரும் வாய்ப்பும் கூடத்தான் செய்யும், குறையாது.

மருமகனுக்கு நான் சொன்னது: 95 அடி, கிடைக்காத நாளில் மிதிக்காதே. எஸ்பி ஒயில், பிளக், சீவீடி ஒயில். மிச்சக் காசுக்கு நாலு நல்ல ரயர். ரயரை மாற்றியதும் மழைநாளில் பிரேக் பிடிக்கிற தூரம் குறையும், அதை அவன் அம்மாவும் பின் சீற்றில் இருந்து உணர்வாள். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான். ரயருக்கு விலை கேட்டு மட்டும் மெசேஜ் போட்டிருக்கிறான்.

மச்சானின் 599ஐ நான் வீண் என்று சொல்லவில்லை. அவர் ஊரில், புதுக் காரில், டீலரே பூட்டி, வாரண்டியும் இருந்து, காப்புறுதிக்காரனுக்கும் சொல்லிவிட்டுச் செய்தால் நானும் போட்டிருப்பேன். வெளியில் யாரோ ஏற்றித் தருகிற அட்டவணையைவிட இரண்டு மடங்கு விலை என்றாலும் போட்டிருப்பேன். மூன்று மடங்கு என்றால் யோசிப்பேன்.

இங்கே கொம்பனியின் கூடுதல் இழுவைக்குக் காசு கொடுக்கலாம் என்று நான் உறுதியாகச் சொல்கிற ஆட்கள் ஒரு சிலர்தான்: அம்பாறையிலிருந்தும் செங்கலடியிலிருந்தும் பாரம் ஏற்றிக்கொண்டு மஹியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவு ஏறிக் கண்டிக்குப் போகிற டபுள் கெப்காரர்கள். அவர்களும் பழைய வண்டிக்கு அப்கிரேட் தேட வேண்டாம். 2020இல் டொயோட்டா ஹைலக்ஸின் 2.8 டீசலை 177 குதிரையிலிருந்து 204க்கும், 450 நியூட்டன் மீற்றரிலிருந்து 500க்கும் கூட்டியபோது சொஃப்ட்வெயாரோடு நிற்கவில்லை. பெரிய டர்போ போட்டார்கள், எண்ணெய் பீச்சும் முறையை மாற்றினார்கள், பிளொக்கைப் பலப்படுத்தினார்கள். இத்தனை செய்தும் அந்த 500ஐ ஒட்டோ கியருக்கு மட்டும் கொடுத்து, கையால் மாற்றும் கியருக்குப் பழைய 420இலேயே நிறுத்திவிட்டார்கள். கையால் மாற்றும் ஹைலக்ஸை 500க்கு ரீமெப் அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்தக் கியர்பொக்ஸையும் கிளச்சையும் செய்தவனே துணியாத வேலை அது என்று சொல்லிவிடுங்கள். மாற்றத்தான் வேண்டுமென்றால் வண்டி மாற்றும்போது 204 குதிரை ஒட்டோவாகப் பாருங்கள், விலை கூடத்தான்.